சங்கராபரணி ஆற்றுவழிச் சுற்றுலா இடங்கள்

சங்கராபரணி ஆற்றுவழிச் சுற்றுலா இடங்கள் என்பவை விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி மலைப்பகுதி முதல் புதுச்சேரிக் கடற்கரை வரை, சங்கராபரணி ஆற்றையும் அதன் நீரையும் சார்ந்து அமைந்துள்ள இயற்கை, பண்பாட்டுச் சிறப்பிடங்கள் ஆகும். மலைக்கோட்டை, கல்மரப் பூங்கா, பறவைகள் வந்து தங்கும் ஏரி, பாடல் பெற்ற கோயில், பழந்துறைமுகம், பிரெஞ்சுக்காரர் அமைத்த நகரம் ஆகிய யாவும் ஒரே ஆற்றின் வழியில், ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவுக்குள் உள்ளன.

ஆசியா போன்ற பெரிய கண்டத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் பல நாடுகளுக்கும் செல்ல வேண்டியிருக்கும். அத்தகைய பயணத்தில் காணக்கூடிய பல வகைச் சிறப்பிடங்களுக்கு இச்சிற்றாற்றின் கரையிலேயே ஒவ்வொரு சான்று கிடைக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மட்கலங்கள், தென்கிழக்கு ஆசியாவுக்குச் சென்ற மணிகள் என்று, இவ்வாற்றின் தொடர்புகள் கண்டங்களைக் கடந்தவை. ஆயினும் புதுச்சேரிக்கு வரும் பயணிகளுள் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையையும் அதனையொட்டிய சில தெருக்களையும் மட்டும் பார்த்துத் திரும்புகின்றனர்.

இக்கட்டுரையில் தொலைவுகள் புதுச்சேரி நகரின் வடமேற்கில் உள்ள தட்டாஞ்சாவடியைத் தொடக்கமாகக் கொண்டு ஏறத்தாழக் கூறப்பட்டுள்ளன. தொழிற்பேட்டையால் இன்று அறியப்படும் இப்பகுதியிலிருந்து திண்டிவனம் சாலைக்கும் வில்லியனூர் சாலைக்கும் எளிதாகச் செல்லலாம். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் சொல். பயணத்தைத் தொடங்கப் பொருத்தமான பெயர்தான்.

ஆறும் அதன் பெயர்களும்

சங்கராபரணி ஆறு விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கே செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, தென்கிழக்காக ஓடி, புதுச்சேரி அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 80 கி.மீ. ஆகும். செஞ்சியாறு, வராகநதி என்றும் இது அழைக்கப்படுகிறது. வில்லியனூருக்குக் கீழே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து கடலை அடைகிறது. ஒரே ஆற்றுக்கு இத்தனை பெயர்கள் வழங்குவதால், உள்ளூர் மக்களில் பலருக்கே இவை அனைத்தும் ஓராறு என்பது தெரிவதில்லை.

இது ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளம் வரும். கோடையில் பல இடங்களில் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். மழைக்காலத்தில் கிடைக்கும் நீரை அணை, வாய்க்கால், ஏரி ஆகியவற்றில் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதே இவ்வட்டார மக்களின் நீண்டகால வழக்கமாக இருந்துள்ளது. கீழே கூறப்படும் இடங்களைப் பார்க்கும்போது இதனை நினைவில் கொண்டால், அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது விளங்கும்.

செஞ்சிக் கோட்டை

செஞ்சி, தட்டாஞ்சாவடியிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 65 முதல் 70 கி.மீ. தொலைவில் உள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டை இது. இவற்றுள் இராசகிரி மிக உயரமானது. ஏறத்தாழ 800 அடி உயரமுடையது.

விசயநகர அரசின்கீழ் நாயக்கர்களும், பின்னர் பீசப்பூர் சுல்தானும் இக்கோட்டையை ஆண்டனர். 1677 இல் மராத்திய மன்னர் சிவாசி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராசாராம் இங்கிருந்தபோது முகலாயப் படை நீண்டகாலம் முற்றுகையிட்டு, 1698 இல் கோட்டையைப் பிடித்தது. தேசிங்கு ராசன் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு 1714 இல் மாண்டான். அவனைப் பற்றிய கதைப்பாடல் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நெடுங்காலம் பாடப்பட்டு வந்தது. 1750 இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761 இல் ஆங்கிலேயரிடமும் கோட்டை சென்றது. 2025 சூலையில், இந்திய மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இத்தொகுதியில் தமிழ்நாட்டில் உள்ள கோட்டை இது ஒன்றே.

பயணிகள் மதில்களையும் பல அடுக்குகள் கொண்ட கல்யாண மகாலையும் பார்ப்பதோடு, கோட்டையின் நீர் ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். இராசகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகிய குளங்கள் உள்ளன. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியாக நீர் கொண்டுசெல்லப்பட்டது. பாறைகள் நிறைந்த இந்த வறண்ட நிலத்தில் ஒரு படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாங்க வேண்டுமானால், மதிலைவிட நீரே அதற்கு முதல் தேவை.

கோட்டைக்குள் உள்ள வேங்கடரமணர் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து வந்த தூண்களே. ஆற்றின் தொடக்கத்தில் இருந்த கல், ஆறு முடியும் கடற்கரையில் நிற்பதை இப்பயணத்தின் இறுதியில் காணலாம்.

செஞ்சி அருகே உள்ள பிற இடங்கள்

திருநாதர் குன்று: செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூர் அருகே உள்ள சமணத்தலம். ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு இங்குள்ளது. தமிழ் எழுத்து வரலாற்றில் வட்டெழுத்தின் தொடக்கநிலையை அறிய உதவும் சான்றுகளுள் இது ஒன்று. 'ஐ' என்னும் எழுத்து இடம்பெறும் மிகப் பழைய கல்வெட்டாகவும் இது குறிப்பிடப்படுகிறது.

மண்டகப்பட்டு: செஞ்சி, விழுப்புரம் இடையே உள்ள இவ்வூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்காக இக்கோயில் எடுக்கப்பட்டதாக அவனது கல்வெட்டு கூறுகிறது. தமிழகக் கற்கோயில் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இக்கல்வெட்டிலிருந்தே தொடங்குவர். கோயில் சிறியது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

வீடூர் அணை

சங்கராபரணி ஆற்றின் குறுக்கே வீடூரில் 1959 இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. இதன் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 32 அடி. 605 மில்லியன் கனஅடி நீர் தேங்கும். தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் இதனால் பாசனம் பெறுகின்றன. சிறிய அணைதான், பூங்கா, கேளிக்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் அணை நிரம்பி நீர் திறக்கப்படும்போது, அந்நீர் எங்கெல்லாம் செல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்குப் பயணத்தின் அடுத்த இடங்கள் எளிதில் புரியும்.

திருவக்கரை

திருவக்கரை, வானூர் வட்டத்தில் சங்கராபரணியின் கரையில் அமைந்துள்ள ஊர். தட்டாஞ்சாவடியிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. தொலைவு. இங்குக் காணத்தக்கவை இரண்டு.

கல்மரப் பூங்கா

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா இது. 1940 இல் ஏற்படுத்தப்பட்டது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781 இலேயே இவ்வூரின் கல்மரங்களைக் குறித்து எழுதியுள்ளார். 247 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 200 கல்மரங்கள் சிதறிக் கிடக்கின்றன. பல துண்டுகள் 3 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை. இவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

மரம் கல்லாவது எவ்வாறு? மரம் ஆற்று மணலுக்குள் விரைவாகப் புதையுண்டால், காற்றுப் படாததால் மட்கிப்போகாது. மணலின் வழியே கசியும் நீரில் கரைந்துள்ள சிலிக்கா என்னும் மணற்சத்து, மரத்தின் உயிரணுக்களுக்குள் சிறிது சிறிதாகப் படிந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் பொருள் போய்விடுகிறது. வடிவம் மட்டும் கல்லில் நிற்கிறது. எனவேதான் ஆண்டு வளையங்களும் கணுக்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. தொட்டுப் பார்த்தால்தான் கல் என்பது தெரியும்.

இங்குள்ள மரங்களில் கிளைகளோ இலைகளோ வேர்களோ காணப்படுவதில்லை, அடிமரங்களே கிடக்கின்றன. ஆகவே இவை இவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல என்றும், பழங்காலப் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு வரும் வழியில் கிளைகளை இழந்து இங்கு மணலில் புதைந்தவை என்றும் புவியியலாளர் கருதுகின்றனர்.

இம்மரங்களைத் தாங்கியுள்ள பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். புதுச்சேரி வட்டாரத்தின் முதன்மையான நிலத்தடி நீர்த்தாங்கிகளுள் ஒன்றும் இதே மணற்கல் அடுக்கே. மரத்தைக் கல்லாக்கிய நீர் எந்த வழியாகக் கசிந்ததோ, அத்தகைய மணல் இடுக்குகளில்தான் புதுச்சேரி மக்கள் குடிக்கும் நீரும் தங்கியுள்ளது.

பூங்காவிலிருந்து கல் துண்டு எதனையும் எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு சிறு துண்டுதானே என்று ஒவ்வொருவரும் எடுத்தால், 2 கோடி ஆண்டுகளாகக் கிடந்தவை ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடும்.

சந்திரமௌலீசுவரர் கோயில்

கல்மரப் பூங்காவுக்கு அருகில் உள்ள சிவன் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கருவறையில் மூன்று முகங்கள் கொண்ட இலிங்கம் உள்ளது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் திருப்பணியோடு தொடர்புடையது. கோயிலினுள் வக்கிரகாளி சன்னிதி புகழ்பெற்றது. பௌர்ணமி நாட்களில் பெருங்கூட்டம் கூடும். அமைதியாகச் சிற்பங்களைப் பார்க்க விரும்புவோர் பிற நாட்களில் செல்வது நல்லது.

ஊசுட்டேரி

ஊசுட்டேரி அல்லது ஊசுடு ஏரி, தட்டாஞ்சாவடிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் பத்துக்கண்ணு செல்லும் சாலையில் உள்ளது. புதுச்சேரி வட்டாரத்தின் மிகப்பெரிய நன்னீர் ஏரி இதுவே. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள இதன் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறு பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. சங்கராபரணியிலிருந்து பிரியும் சுத்துக்கேணி வாய்க்கால் இதற்கு நீர் கொண்டுவருகிறது.

ஏரி என்பது இயற்கையாக உண்டானது என்று பலர் எண்ணுகின்றனர். தமிழகத்தின் பெரும்பாலான ஏரிகளைப் போலவே ஊசுட்டேரியும் கரை எழுப்பி நீரைத் தேக்கிய மனித உழைப்பின் பயனாகும். புதுச்சேரிப் பகுதியில் இத்தகைய 84 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இவை சீரமைக்கப்பட்டன.

ஆசிய ஈரநிலங்களுள் சிறப்புடையனவாகத் தெரிவு செய்யப்பட்ட 93 இடங்களில் ஊசுட்டேரியும் ஒன்று. புதுச்சேரி அரசு 2008 இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாடு அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது.

நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை போன்றவற்றை இங்குக் காணலாம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் மத்திய ஆசிய வலசை வழியாகக் குளிர்காலத்தில் வந்து தங்குகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை 6 மணி முதல் 9 மணிக்குள் செல்வது சிறந்தது. இருகண்நோக்கி இருந்தால் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். உரத்த பேச்சையும் பட்டாசையும் தவிர்க்க வேண்டும். ஏரியின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்த ஆண்டுகளில் பறவைகளின் வருகை குறையும். ஆகவே நல்ல மழை பெய்த ஆண்டில் செல்வது பயனளிக்கும்.

வில்லியனூரும் திருக்காஞ்சியும்

வில்லியனூர், தட்டாஞ்சாவடியிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் சங்கராபரணியின் கரைப்பகுதியில் உள்ள பழைய ஊர். இங்குள்ள திருக்காமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. அம்மன் பெயர் கோகிலாம்பாள். ஆண்டுதோறும் நடக்கும் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது ஆட்சிக்கால வழக்கமாக இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் அவ்வழக்கத்தைத் தொடர்கிறார். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரிலும் இவ்வழக்கம் உண்டு.

வில்லியனூரில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட லூர்து மாதா கோயில் உள்ளது. கோயிலுக்கு முன்னே குளம் அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. குளமுள்ள சிவன் கோயிலும், குளமுள்ள மாதா கோயிலும் ஒரே ஊரில் இருப்பதைப் பயணிகள் காணலாம். வில்லியனூரின் சுடுமண் கைவினைப் பொருள்களும், இதே வட்டாரத்துத் திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆற்றங்கரைக் களிமண் இல்லாவிட்டால் சுடுமண் தொழில் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

அருகில் உள்ள திருக்காஞ்சியில், ஆற்றின் கரையிலேயே கங்கைவராக நதீசுவரர் கோயில் உள்ளது. மாசிமகத்தன்று ஏராளமானோர் இங்கு நீராடி முன்னோர் கடன் செய்வர். 2023 இல் சங்கராபரணிக்குப் புட்கர விழா இங்கு நடைபெற்றது.

அரிக்கமேடு

அரிக்கமேடு, நகருக்குத் தெற்கே 4 கி.மீ. தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயந்தோப்பு அருகே உள்ளது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் வழிநூல் குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆறு கரையை அரித்தபோது மண்ணிலிருந்து வெளிப்பட்ட மணிகளை ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்தனர். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த சூவோ துப்ரேய் அவற்றைக் கண்டு, 1937 இல் இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். கிடைத்த பொருள்களுள் ஒன்றில் உரோமப் பேரரசர் அகசுடசின் தலை செதுக்கப்பட்டிருந்ததாக அவர் கருதினார். 1945 இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கு அகழாய்வு செய்தனர்.

இத்தாலி நாட்டு அரிட்டைன் மட்கலங்கள், மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகள், உள்ளூர் ரௌலட் கலங்கள், கண்ணாடி மணிகள் ஆகியவை கிடைத்தன. காலம் அறிந்த இத்தாலிய மட்கலங்களின் துணையால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த தென்னிந்தியப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அரிக்கமேடு செய்த பெருந்தொண்டு இதுவாகும்.

வீலர் இதனை உரோமரின் வணிக நிலையமாகவே கருதினார். பெக்லியின் ஆய்வு வேறொரு விளக்கத்தைத் தந்தது. உரோமப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கு உள்ளூர் மக்கள் வாழ்ந்தனர் என்றும், உரோம வணிகம் குறைந்த பின்னரும் ஊர் தொடர்ந்தது என்றும் அது காட்டியது. இங்குச் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியாவின் பல இடங்களிலும் கிடைத்துள்ளன.

இங்குச் செல்வோர் ஒன்றை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. இன்று நிற்கும் செங்கற் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் கட்டிய கட்டடத்தின் எச்சங்களே. அவற்றை உரோமர் கட்டியவை என்று எண்ணிப் படம் எடுத்துச் செல்வோர் உண்டு. அகழாய்வுப் பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். முதலில் அருங்காட்சியகத்தையும் பின்னர் அரிக்கமேட்டையும் பார்த்தால், வெறும் மாந்தோப்பாகத் தெரியும் மேடு துறைமுகமாகத் தோன்றும்.

சுண்ணாம்பாறும் கழிமுகமும்

ஆற்றின் மற்றொரு கிளையான சுண்ணாம்பாறு, கடலூர் சாலையில் நோணாங்குப்பம் அருகே அகன்ற காயலாக விளங்குகிறது. இங்குள்ள படகுத்துறையிலிருந்து படகில் சென்று கழிமுகத்தின் மணற்கரையை அடையலாம். அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில், தேங்காய்த்திட்டுப் பகுதியில் அலையாத்திக் காடுகள் உள்ளன. உவர்நீரில் வளரும் இம்மரங்கள் மீன், இறால், நண்டுக் குஞ்சுகளுக்கு வளர்ப்பிடமாகவும், புயற்காலத்தில் கரைக்குக் காப்பாகவும் உள்ளன.

புதுச்சேரி நகரும் ஆயி மண்டபமும்

1674 இல் பிரான்சுவா மர்த்தேன் தலைமையில் பிரெஞ்சுக்காரர் இங்குக் குடியேறினர். 1693 முதல் 1699 வரை நகரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. நேர்கோட்டுத் தெருக்களுக்கான திட்டம் அவர்கள் காலத்தில் வரையப்பட்டது. 1761 இல் ஆங்கிலேயர் நகரை இடித்தனர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கட்டினர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படி இணைந்தது.

பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பயணிகள் கிழக்குப் பகுதியிலேயே நின்றுவிடக் கூடாது. தெருவை ஒட்டிய திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளை மேற்குப் பகுதியில் காணலாம். அங்குள்ள வைசியாள் வீதியின் சீரமைப்புப் பணி 2008 இல் யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் இல்லமும், பாரதிதாசன் இல்லமும் நினைவகங்களாக உள்ளன. 1826 இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் 1836 இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் காணத்தக்கவை.

பாரதி பூங்காவின் நடுவே உள்ள வெண்ணிற ஆயி மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னமாக விளங்குகிறது. இது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. தட்டாஞ்சாவடிக்கு அருகில் உள்ள முத்திரைப்பாளையத்தின் ஊற்றுநீரை நகருக்குக் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது.

அந்நீர் நிலையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கிருட்டிணதேவராயர் இவ்வழியே சென்றபோது, ஒளிவிட்ட மாளிகை ஒன்றைக் கோயில் என எண்ணி வணங்கினார். அது ஆயி என்னும் தேவதாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்க ஆணையிட்டார். ஆயி தானே வீட்டை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது அக்கதை. வரலாற்றுச் சான்று கொண்ட செய்தி அன்று, மக்கள் வழக்கு. ஆயினும் ஓர் அரசாங்கத்தின் சின்னமாக அரசரோ தளபதியோ இல்லாமல், தண்ணீர் தந்த பெண்ணின் பெயர் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

கடற்கரையும் ஆற்றின் இன்றைய நிலையும்

புதுச்சேரிக் கடற்கரையில் மணலுக்குப் பதிலாகக் கருங்கற்கள் குவிந்திருப்பதைக் காணும் பயணிகள், அது இயற்கை என்றே நினைக்கின்றனர். இக்கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அதனால் மணல் தெற்கே தங்கியது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, மீனவர் குப்பங்கள் பல கரையையும் வீடுகளையும் இழந்தன. படகை இழுத்துவைக்கவும் வலையை உலர்த்தவும் மணற்கரை வேண்டும். அது இல்லாவிட்டால் தொழிலும் இல்லை.

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, 2018 இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று இறக்கப்பட்டது. அதன் பயனாக நகரின் முன்னே சிறிதளவு மணற்பரப்பு மீண்டும் உண்டானது.

ஆற்றின் மேற்பகுதியிலும் சிக்கல்கள் உள்ளன. மணல் அள்ளுதல், கழிவுநீர் கலத்தல், வாய்க்கால்களின் ஆக்கிரமிப்பு ஆகியவை ஏரிகளுக்கு நீர் வருவதைக் குறைக்கின்றன. ஏரி நிரம்பாவிட்டால் நிலத்தடிக்கு நீர் இறங்காது. கடற்கரையோரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் உவர்நீர் உள்ளே புகும். 2014 நவம்பரில் மழையின்போது இடிந்து விழுந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை அவ்வாறு திரும்பக் கட்ட முடியும். மணற்கல் அடுக்கில் உப்பேறிய நீரை மீண்டும் நன்னீராக்குவது அவ்வளவு எளிதன்று.

பயணத் திட்டம்

மூன்று நாட்களில் இவ்விடங்களைப் பார்க்கலாம்.

முதல் நாள்: விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் செஞ்சி இராசகிரியில் ஏற வேண்டும். குடிநீர் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். குரங்குகள் மிகுதி என்பதால் உணவுப் பையைக் கையில் தெரியும்படி வைத்திருக்கக் கூடாது. பிற்பகலில் திருநாதர் குன்று, மண்டகப்பட்டு.

இரண்டாம் நாள்: காலையில் ஊசுட்டேரி, பின்னர் திருவக்கரை கல்மரப் பூங்காவும் கோயிலும், நேரமிருந்தால் வீடூர் அணை, மாலையில் திரும்பும் வழியில் வில்லியனூர், திருக்காஞ்சி.

மூன்றாம் நாள்: காலையில் புதுச்சேரி அருங்காட்சியகம், அடுத்து அரிக்கமேடு, சுண்ணாம்பாறு, மாலையில் தமிழர் பகுதித் தெருக்கள், ஆயி மண்டபம், கடற்கரை. அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இடையில் புயல் எச்சரிக்கை உள்ள நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் செஞ்சி மலையேற்றம் முதியோருக்கும் சிறுவர்க்கும் ஏற்றதன்று.

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஒவ்வோர் இடத்திலும் "இங்கு நீர் எங்கிருந்து வருகிறது, இங்கிருந்து எங்கே போகிறது?" என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டு எழுதச் சொல்லலாம். மூன்றாம் நாள் மாலையில் அவ்விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மாணவர்களே ஆற்றின் படத்தை வரைந்திருப்பர். கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்த செஞ்சித் தூண்களின் அருகே அமர்ந்து அப்படத்தைப் பார்ப்பது, இப்பயணத்துக்குப் பொருத்தமான நிறைவாக இருக்கும்.